எண்ணெய் கிடைச்சாலும் உங்களுக்குக் காசு வருமா? சின்ன எண்ணெய் தேடல் கம்பெனி ஷேர்களின் கணக்கு

2010 டிசம்பர் 2, வியாழக்கிழமை. லண்டன் சந்தையில லிஸ்ட் ஆன டிசையர் பெட்ரோலியம்னு ஒரு சின்ன கம்பெனி அறிவிப்பு கொடுக்குது. தென் அட்லாண்டிக் கடல்ல, ஃபாக்லாந்து தீவுகளுக்கு வடக்கே, 'ரேச்சல் நார்த்'னு பேர் வச்ச இடத்துல தோண்டின கிணற்றில் எண்ணெய் இருக்குன்னு சொல்றாங்க. வாங்கினவங்களுக்கு அந்த வாரக் கடைசி ரொம்ப சந்தோஷமா போயிருக்கும்.

டிசம்பர் 6, திங்கட்கிழமை, அடுத்த அறிவிப்பு. கிணற்றிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தோம், அது எண்ணெய் இல்லை, தண்ணி.

ஒரே நாள்ல ஷேர் விலையில் பாதி காலி.

இதுல யாரும் திட்டம் போட்டு ஏமாத்தினாங்கன்னு நான் சொல்லல. கிணற்றுக்குள்ள கருவிகளை இறக்கி எடுத்த அளவுகளைப் பார்த்து எண்ணெய்னு முடிவு பண்ணாங்க. உண்மையான திரவத்தைக் கையில எடுத்தப்ப வேற பதில் வந்துச்சு. இந்தத் துறையில இது நடக்கும். ஆனா ஒரு கம்பெனியோட மொத்த மதிப்பும் ஒரே ஒரு குழாய்க்குள்ள இருந்தா என்ன ஆகும்னு புரிஞ்சுக்க இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

கச்சா எண்ணெய் விலை கொஞ்சம் ஏறினா போதும், எனக்கு ஒரே மாதிரி கேள்விகள் வர ஆரம்பிச்சுடும். "சார், ரிலையன்ஸ், ஓஎன்ஜிசி எல்லாம் மெதுவாத்தான் போகும். சின்னதா ஒரு எக்ஸ்ப்ளொரேஷன் கம்பெனி இருக்கு, ஷேர் ரெண்டு ரூபாய்க்குக் கிடைக்குது, எண்ணெய் கிடைச்சா பத்து மடங்கு. ஒரு ரெண்டு லட்சம் போடலாமா?" கேட்கிறவங்க பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆனவங்க. போனஸ் வந்திருக்கும், இல்லன்னா வேலை மாறினப்ப வந்த பிஎஃப் பணம் கையில இருக்கும்.

அவங்க கேக்குற கேள்வி எப்பவும் "எண்ணெய் கிடைக்குமா?"ங்கறதுதான். அதுக்கு எனக்கு பதில் தெரியாது, ஜியாலஜி நான் படிக்கல. ஒரு சிஏவா நான் பார்க்கிறது வேற கேள்வி: எண்ணெய் கிடைச்சா, அந்தக் காசு ஏற்கனவே ஷேர் வச்சிருக்கிறவங்க கைக்கு வருமா?

ஒரே கடல், ஒரே ரிக், ரெண்டு கம்பெனி

ஃபாக்லாந்து கதையைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா அதுல இயற்கையாவே ஒரு பரிசோதனை நடந்திருக்கு. 'ஓஷன் கார்டியன்'னு ஒரு ரிக்கை ஸ்காட்லாந்துலேர்ந்து கடல் வழியா இழுத்துக்கிட்டுப் போய் 2010 ஆரம்பத்துல அங்க சேர்த்தாங்க. அந்தப் பக்கம் வேற ரிக்கே கிடையாது. சில சின்ன கம்பெனிகள் சேர்ந்து, செலவைப் பங்கு போட்டு, அதே ரிக்கை மாத்தி மாத்திப் பயன்படுத்தினாங்க.

முதல்ல டிசையர் பிப்ரவரியில 'லிஸ்'ங்கற கிணறு தோண்டினாங்க. மார்ச் கடைசியில ரிசல்ட் ஏமாற்றம், ஷேர் சரிஞ்சது. அடுத்து ராக்ஹாப்பர்ங்கற கம்பெனியோட முறை. மே மாசம் 'ஸீ லயன்'ல எண்ணெய் கிடைச்சது. இது நிஜமான எண்ணெய். 40 பென்ஸுக்குக் கீழ இருந்த ஷேர் அதே வருஷத்துல சுமார் 500 பென்ஸ் வரை போச்சு. ஒரு லட்சம் போட்டவர் கையில சில மாசத்துல பன்னிரண்டு லட்சத்துக்கு மேல.

"பார்த்தீங்களா சார், அதான் சொல்றோம்"னு நீங்க சொல்லலாம். இருங்க, மிச்சக் கதையும் கேளுங்க.

கடலுக்கு அடியில எண்ணெய் இருக்குன்னு தெரிஞ்சாச்சு. அதை எடுக்க மேலும் கிணறுகள் வேணும், கடல்லயே நிக்கிற உற்பத்திக் கப்பல் வேணும். அதுக்கு ஆகிற செலவு நூறு கோடி டாலர்கள் கணக்குல. ராக்ஹாப்பர் மாதிரி ஒரு சின்ன கம்பெனியால அது முடியாது. 2012-ல பிரீமியர் ஆயில்ங்கற பெரிய கம்பெனிக்கு 60 சதவீதப் பங்கைக் கொடுத்தாங்க. அப்புறம் 2014-ல கச்சா எண்ணெய் விலை சரிய ஆரம்பிச்சு, 100 டாலருக்கு மேல இருந்தது 2016 தொடக்கத்துல 30 டாலருக்கும் கீழ போச்சு. பிரீமியருக்குக் கடன் பிரச்சினை. அப்புறம் கோவிட். அதுக்கு மேல, அந்தத் தீவுகள் எங்களுதுன்னு அர்ஜென்டினா விடாம சொல்லிக்கிட்டு இருக்கிறதால அங்க முதலீடு பண்ணவே பலருக்குத் தயக்கம். பிரீமியர் வேற கம்பெனியோட இணைஞ்சு ஹார்பர் எனர்ஜி ஆனதும் அவங்க விலகிட்டாங்க. இஸ்ரேலைச் சேர்ந்த நாவிடாஸ் உள்ள வந்தாங்க.

கண்டுபிடிச்சு 15 வருஷம் தாண்டியும் ஸீ லயன்ல வணிக உற்பத்தி தொடங்கல. நடுவுல ஷேர் 10 பென்ஸுக்கும் கீழ போய், அப்புறம் கொஞ்சம் மீண்டது. 2010-ல எண்ணெய் கிடைச்ச செய்தியைப் பார்த்து 400, 500 பென்ஸுக்கு வாங்கி, "இது கன்ஃபர்ம் ஆன கம்பெனி, லாங் டெர்ம்"னு வச்சிருந்தவரை நினைச்சுப் பாருங்க. அவர் கணிச்சது சரி. எண்ணெய் இருக்கு, இன்னிக்கும் அங்கேயே இருக்கு.

டிசையர் என்ன ஆச்சு? 2013-ல ஃபாக்லாந்து ஆயில் அண்ட் கேஸ் அதை எடுத்துக்கிட்டாங்க, 2016-ல அந்தக் கம்பெனியை ராக்ஹாப்பர் எடுத்துக்கிட்டாங்க.

அறிவிப்புல இருக்கிற வார்த்தைகள்

2015 ஏப்ரல்ல இங்கிலாந்தில் கேட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்துல, ஹார்ஸ் ஹில்ங்கற இடத்துல, யுகே ஆயில் அண்ட் கேஸ்ங்கற சின்ன கம்பெனி ஒரு அறிவிப்பு கொடுத்தது. ஒரு சதுர மைலுக்கு 15.8 கோடி பேரல் எண்ணெய்! அந்த வட்டாரம் முழுக்க 10,000 கோடி பேரல் வரை இருக்கலாம்னு பத்திரிகைகள்ல தலைப்பு வந்துச்சு. ஒரே நாள்ல ஷேர் ரெண்டு மடங்குக்கு மேல எகிறுச்சு. சில நாள்ல, எங்க லைசென்ஸ் பகுதியைத் தாண்டி மதிப்பிடற அளவுக்கு நாங்க வேலை எதுவும் செய்யலன்னு கம்பெனியே விளக்கம் கொடுக்க வேண்டி வந்துச்சு.

இங்க கவனிக்க வேண்டியது, அந்த எண் 'ஆயில் இன் பிளேஸ்'. அதாவது பாறைக்குள்ள மொத்தமா இருக்கிறது. அதுல எவ்வளவு வெளிய எடுக்க முடியும்? அந்தக் கம்பெனி தலைவரே 3 முதல் 15 சதவீதம்னுதான் சொன்னார். அந்த வரியைத் தலைப்புல யாரும் போடல.

நம்ம ஊர் உதாரணத்துல சொன்னா ஈஸியா புரியும். இந்தத் துறையில மூணு படி இருக்கு. 'புராஸ்பெக்டிவ் ரிசோர்ஸ்'னா இன்னும் தோண்டவே இல்ல, படத்தைப் பார்த்து மதிப்பிடறாங்க. இது கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பேர் கொடுத்த மாதிரி. 'கன்டிஞ்சன்ட் ரிசோர்ஸ்'னா தோண்டியாச்சு, இருக்கு, ஆனா எடுக்கறதுக்குப் பணமோ அனுமதியோ திட்டமோ இன்னும் இல்ல. ஆஃபர் லெட்டர் கையில இருக்கு, ஆன்போர்டிங் தேதி வரல. ஒரு வருஷமா மெயில் பார்த்துக்கிட்டே இருந்தவங்களுக்கு இது நல்லாவே புரியும். 'ரிசர்வ்ஸ்'தான் வேலையில சேர்ந்தாச்சு, சம்பளம் வரும்ங்கற நிலை. சின்ன கம்பெனி அறிவிப்புல பெரிய எண் எதைப் பார்த்தாலும் அது எந்தப் படியில இருக்குன்னு தேடுங்க. பெரும்பாலும் முதல் படியிலதான் இருக்கும். அதுலயும் குறைந்த, நடுத்தர, உச்ச மதிப்பீடுன்னு மூணு எண் இருக்கும்போது யூடியூப் தம்ப்நெயில்ல வர்றது உச்சம்தான். (நானும் தம்ப்நெயில் போடறவன்தான், எப்படி வேலை செய்யும்னு தெரியும்.)

ஹார்ஸ் ஹில்ல 2020-ல உற்பத்தி தொடங்கினாங்க. அளவு, ஒரு நாளைக்கு சில நூறு பேரல். 2024 ஜூன்ல பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்குக் கொடுத்த அனுமதியே செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. எடுக்கிற எண்ணெயை எரிச்சா வர்ற மாசை அனுமதி கொடுத்தப்ப கணக்குல எடுத்துக்கலைங்கறது காரணம். இதை 2015-ல யாராலயும் கணிச்சிருக்க முடியாது. ஆனா இன்னொண்ணு கணிச்சிருக்கலாம். இந்த வருஷங்கள்ல அந்தக் கம்பெனியின் ஷேர் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போய் 1,000 கோடியைத் தாண்டுச்சு. கட்டுரையோட முக்கியமான இடம் இதுதான்.

புது ஷேர் அச்சடிக்கிற மெஷின்

ஓஎன்ஜிசி மாதிரி கம்பெனி வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில கிணறு தோண்டும். பத்து தோத்தாலும் மத்தது ஈடு கட்டும். சின்ன கம்பெனிக்கு வருமானமே கிடையாது. சம்பளம், ஆபீஸ் வாடகை, சீஸ்மிக் சர்வே, ரிக் வாடகை எல்லாமே ஷேர்ஹோல்டர் பணம். வங்கி கடன் கொடுக்காது, அடமானம் வைக்க எதுவும் இல்லையே! அதனால காசு தீரும்போதெல்லாம் புது ஷேர் வெளியிடணும். அதையும் சந்தை விலையை விடக் குறைச்சுத்தான் கொடுக்கணும், இல்லன்னா யாரும் வாங்க மாட்டாங்க.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நோட்டு எடுத்துக்கோங்க.

கம்பெனிக்கு 10 கோடி ஷேர். விலை 20 ரூபாய். அப்போ மொத்த மதிப்பு 200 கோடி. நீங்க 10,000 ஷேர் வாங்கறீங்க, முதலீடு 2 லட்சம். முதல் கிணறு தோண்ட 100 கோடி வேணும். 16 ரூபாய் விலையில 6.25 கோடி புது ஷேர் கொடுக்கறாங்க. மொத்தம் 16.25 கோடி ஆச்சு. கிணறு காலி. விலை 6 ரூபாய்க்கு விழுது. ரெண்டாவது கிணற்றுக்கு இன்னும் 60 கோடி வேணும். இப்போ 5 ரூபாய்க்கு 12 கோடி ஷேர். மொத்தம் 28.25 கோடி.

ரெண்டாவது கிணற்றில எண்ணெய் கிடைச்சுடுச்சு! சந்தை கொண்டாடுது. கம்பெனி மதிப்பு 500 கோடிக்குப் போகுது, அதாவது நீங்க வாங்கினப்ப இருந்ததைப் போல இரண்டரை மடங்கு. ஒரு ஷேர் விலை? 500-ஐ 28.25-ஆல வகுங்க. 17 ரூபாய் 70 காசு. உங்க 2 லட்சம் இப்போ 1 லட்சத்து 77 ஆயிரம்.

கம்பெனி ஜெயிச்சது, ஜியாலஜிஸ்ட் ஜெயிச்சார், 5 ரூபாய்க்கு வாங்கினவர் ஜெயிச்சார். ஆரம்பத்துலேர்ந்து நம்பிக்கையோட கூட இருந்த நீங்க நஷ்டத்துல நிக்கிறீங்க. இத்தனைக்கும் நான் இந்தக் கணக்குல எண்ணெயைக் கிடைக்க வச்சிருக்கேன். இன்னும் யாரும் தோண்டிப் பார்க்காத புதுப் பகுதிகள்ல அஞ்சுல ஒண்ணு, பத்துல ஒண்ணு கிணறுதான் தேறும். பல கம்பெனிகள் தங்களோட அறிக்கையிலேயே வெற்றி வாய்ப்பு இத்தனை சதவீதம்னு எழுதியிருப்பாங்க, அதைத் தாண்டிப் போய்டாதீங்க. அஞ்சுல ஒண்ணு தேறும்ங்கறது அஞ்சு கிணறு தோண்ட காசு இருக்கிறவனுக்குத்தான் உபயோகம். ஒண்ணுக்கு மட்டும் காசு இருந்தா அது நாணயம் சுண்டற ஆட்டம், அதுவும் நமக்குச் சாதகமில்லாத நாணயம்.

அதனாலதான் விலை இறங்கினா ஆவரேஜ் பண்ணாதீங்கன்னு இந்த ஷேர்களுக்கு மட்டும் நான் கண்டிப்பா சொல்றேன். நல்ல வங்கி ஷேர் விழுந்தா அது நாளைக்கும் வட்டி சம்பாதிக்கும். காலி கிணறு நாளைக்கும் காலிதான்.

ஆண்டறிக்கையில எங்க பார்க்கிறது

நான் முதல்ல திறக்கிறது ஷேர் கேபிடல் குறிப்பு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எத்தனை ஷேர், இப்ப எத்தனை. வாரண்ட், ஆப்ஷன்னு வெளிய நிக்கிறது எத்தனை. இந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே பாதி கம்பெனிகளை மூடி வச்சிடலாம்.

அடுத்து கேஷ் ஃப்ளோ. கையில இருக்கிற பணத்தை ஒரு வருஷ நிர்வாகச் செலவும் தோண்டறேன்னு அரசுக்கு எழுதிக் கொடுத்த வேலைச் செலவும் சேர்ந்த தொகையால வகுத்தா எத்தனை வருஷம் தாங்கும்னு தெரியும். எண்ணெய் லைசென்ஸ்ல பெரும்பாலும் இத்தனை வருஷத்துக்குள்ள இத்தனை கிணறு தோண்டணும், இல்லன்னா திருப்பிக் கொடுக்கணும்னு நிபந்தனை இருக்கும். பன்னிரண்டு மாசம் கூட தாங்காதுன்னா அடுத்த ஷேர் வெளியீடு பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். ஆடிட்டர் 'கோயிங் கன்சர்ன்' பத்தி ஒரு பத்தி எழுதியிருந்தா அதை ரெண்டு தடவை படிங்க. சும்மா எழுத மாட்டோம்.

மூணாவது, தோண்டின செலவை எங்க வச்சிருக்காங்கங்கறது. ரெண்டு முறை இருக்கு. 'சக்ஸஸ்ஃபுல் எஃபர்ட்ஸ்' முறையில காலி கிணற்றோட செலவு நேரா நஷ்டக் கணக்குக்குப் போகும். 'ஃபுல் காஸ்ட்' முறையில காலி கிணற்றுச் செலவும் சொத்துன்னு பேலன்ஸ் ஷீட்ல உக்காந்திருக்கும், பிறகு ஒருநாள் மதிப்புக் குறைப்பு செய்யும்போது மொத்தமா விழும். ரெண்டுமே சட்டப்படி சரிதான். ஆனா புக் வேல்யூ 30 ரூபாய், ஷேர் 12 ரூபாய்க்குக் கிடைக்குதுன்னு யாராவது டெலிகிராம்ல போட்டா, அந்த 30 ரூபாய்க்குள்ள எத்தனை வெறும் ஓட்டை இருக்குன்னு பாருங்க.

நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. சென்னையைத் தலைமையிடமா கொண்ட ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளொரேஷன், 1983-ல ஹெச்.டி. பரேக் முயற்சியில தொடங்கின கம்பெனி. தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு அப்பால காவிரிப் படுகையில பிஒய்-1 வயல். இத்தாலியின் எனி மாதிரி ஒரு உலகக் கம்பெனி அப்போ பாதிக்கு நெருக்கமான பங்கு வச்சிருந்தது. பெரிய செலவு பண்ணி 2009-ல இருந்து எரிவாயு எடுத்தாங்க. ஆனா மதிப்பிட்ட அளவு இருப்பு இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது, பெரிய தொகையை எழுதித் தள்ள வேண்டி வந்துச்சு. எனியும் விலகிட்டாங்க. அந்தக் கம்பெனி மூழ்கல. 2017-ல அசாமின் டிரோக் வயல்ல உற்பத்தி தொடங்கி நிமிர்ந்தது. கையில எரிவாயு வித்து வர்ற வருமானம் இருந்தா கம்பெனிக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும்ங்கறதுக்காக இதைச் சொன்னேன், வாங்குங்கன்னு சொல்ல இல்ல. நான் செபியில பதிவு பெற்ற ஆலோசகர் கிடையாது.

அப்படியும் போடணும்னா

போடவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன், உங்க காசு. ஆறு மாசச் செலவுக்குப் பணம் தனியா இருக்கணும், டேர்ம் இன்சூரன்ஸ் இருக்கணும், எஸ்ஐபி நிக்காம ஓடணும். அதுக்கு அப்புறம், இந்த மாதிரி ஷேர் எல்லாத்துக்கும் சேர்த்து மொத்தமா ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல வேண்டாம். வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம் இல்ல, மொத்தமாவே. பர்சனல் லோன், கிரெடிட் கார்டு பக்கம் போகவே போகாதீங்க.

லண்டன், கனடா, ஆஸ்திரேலியா சந்தைகள்லதான் இப்படிப்பட்ட கம்பெனிகள் அதிகம். நம்ம ஊர் ஆப்கள் பெரும்பாலும் அமெரிக்க ஷேர் மட்டும்தான் கொடுக்கும். அதனால சிலர் வெளிநாட்டு தளங்கள்ல 'சிஎஃப்டி' மூலமா போறாங்க. எல்ஆர்எஸ் வழியா மார்ஜின் டிரேடிங்குக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதி கிடையாது. நஷ்டம் வந்தா கூட பரவாயில்ல, ஃபெமா சிக்கல்ல மாட்டிக்காதீங்க.

முறையா வாங்கினாலும், ஒரே ஒரு வெளிநாட்டு ஷேர் வச்சிருந்தா கூட ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-2 எடுத்து, ஷெட்யூல் எஃப்ஏ-வில காட்டணும், அதுவும் ஜனவரி முதல் டிசம்பர் வரைங்கற காலண்டர் வருஷக் கணக்குல. காட்டாம விட்டா பிளாக் மணி சட்டப்படி 10 லட்சம் அபராதம் விதிக்கலாம். 2024 அக்டோபர்லேர்ந்து வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதம் இல்ல. ஆனா காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கு.

கடைசியா நஷ்டம். வித்தாத்தான் கேபிடல் லாஸ். ரிட்டர்னை நேரத்துக்குத் தாக்கல் பண்ணா எட்டு வருஷம் வரை முன்னால கொண்டு போய் லாபத்துல கழிச்சுக்கலாம். ஆனா இந்தச் சின்ன கம்பெனிகள் திடீர்னு லிஸ்டிங்கை விட்டே வெளிய போய்டும். அப்போ டிமேட்ல ஷேர் இருக்கும், வாங்க ஆள் இருக்காது, விக்க முடியாததால நஷ்டத்தைக் கணக்குல காட்டவும் முடியாது. வர்த்தகம் நிறுத்தப் போறாங்கன்னு அறிவிப்பு வந்தா "என்னிக்காவது ஏறும்"னு காத்திருக்காம, கிடைச்ச விலைக்கு வித்து காண்ட்ராக்ட் நோட்டைப் பத்திரமா வச்சுக்கோங்க. ரிட்டர்ன் போடும்போது உங்க ஆடிட்டர் முதல்ல கேக்கப் போறது அதைத்தான்.